எர்னி கோவாக்ஸ்: சாய்ந்த மேஜையின் நியாயம்

எர்னி கோவாக்ஸைத் தொலைக்காட்சி நகைச்சுவையின் முன்னோடி என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முன்னோடி என்ற சொல் ஒரு சௌகரியம். பின்னால் வந்தவர்களைப் பற்றிப் பேசுவதற்காக முன்னால் இருந்தவனுக்குப் போடுகிற மாலை. அவன் செய்தது என்ன, எந்தச் சூழ்நிலை அதைச் செய்ய இடம் கொடுத்தது என்ற கேள்விகள் மாலைக்கு அடியில் மறைந்துபோகின்றன.

1919ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்து ட்ரென்டன் நகரில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய தகப்பனாருக்குப் பிறந்தவர் கோவாக்ஸ். 1941ல் உள்ளூர் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளரானார். ஒன்பது வருஷம் அங்கே. ரயில் தன்மேல் ஏற வரும்போது எப்படி இருக்கும் என்று நேயர்களுக்குச் சொல்வதற்காகத் தண்டவாளத்தில் இருந்துவிட்டுக் கடைசி நொடியில் விலகியிருக்கிறார். கோமாளித்தனம்தான். ஆனால் அதற்குள் ஒரு பிரக்ஞை இருக்கிறது: வானொலி என்பது எழுதி வைத்ததை வாசிக்கும் இடமல்ல, நிகழ்வதை நிகழும்போதே கேட்க வைக்கும் சாதனம்.

1950ல் பிலடெல்பியாவின் மூன்றாம் அலைவரிசைக்கு வந்தார். முதலில் ஒரு சமையல் நிகழ்ச்சி. அந்த நவம்பரில், ‘த்ரீ டு கெட் ரெடி’ என்ற காலை நிகழ்ச்சி. காலையில் தொலைக்காட்சி முன் உட்கார யார் இருக்கிறார்கள் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் நினைத்த காலம் அது. இந்த அலட்சியமே அவருக்குக் கிடைத்த சுதந்திரம். பணமும் கிடையாது. மழை வரும் என்று வானிலை அறிக்கை வாசிக்கிறவர் தலையில் ஏணிமேல் நின்று தண்ணீர் ஊற்றினார். இரண்டு பக்கமும் திறந்த சூப் டப்பாவுக்குள் கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்து வைத்து, அதைக் காமிராவின் முன் பொருத்திச் சுழற்றினார். உலகம் தலைகீழானது.

அக்காலத்து நகைச்சுவைக்காரர்களில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் காமிரா, அரங்கின் முன்வரிசை நாற்காலி. கோவாக்ஸுக்கு அது வேடிக்கை நடக்கும் இடமே. அரங்கில் ரசிகர்களை உட்கார வைப்பதையும் அவர் விரும்பவில்லை. இது சிறிய விஷயமல்ல. எங்கே சிரிக்க வேண்டும் என்று பிறர் சிரித்துக் காட்டும்போது பார்க்கிறவனின் ரஸனை குத்தகைக்குப் போய்விடுகிறது. அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் அவன் பிம்பத்தோடு தனியாக விடப்படுகிறான். இது சிரிப்புத்தானா என்று அவனே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

1957 ஜனவரியில் என்.பி.ஸி.யில் அவர் பேச்சில்லாமல் நடத்திய அரைமணி நேர நிகழ்ச்சி இதன் உச்சம். மேஜையைச் சாய்வாக அமைத்து, காமிராவையும் அதே கோணத்தில் சாய்த்துவிட்டார். திரையில் எல்லாம் நேராகத் தெரிகிறது. ஆனால் ஆலிவ் காய்கள் உருண்டு ஓடுகின்றன; ஊற்றும் பால் கோப்பையை விட்டு விலகி விழுகிறது. புவியீர்ப்பு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பொய் சொல்வது சட்டகம். திரையின் விளிம்பு நேரானது என்ற நம் நம்பிக்கையே இங்கே கேலிக்கு உள்ளாகிறது. உருவமே உள்ளடக்கம் என்று பக்கம் பக்கமாக வாதித்தவர்கள் பார்க்க வேண்டிய மேஜை இது.

எல்லாவற்றையும் இப்படிப் பாராட்டிவிட முடியாது. அவருடைய கவிஞர் பாத்திரம் பெர்ஸி டவ்டன்சில்ஸ், நளினமான ஆண்மகனைக் கேலி செய்யும் பழைய மலிவுச் சரக்கு. 1961ல் ஏ.பி.ஸி.க்காகச் செய்த சிறப்பு நிகழ்ச்சிகளில் பழைய கார் வியாபாரி காரைத் தட்டுகிறான். கார் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. சில விநாடிக்குப் பெரிய ஏற்பாடு. எப்படிச் செய்தார்கள் என்ற வியப்புத்தான் மிஞ்சுகிறது. சூப் டப்பாவில் தந்திரம் நம் கண்ணெதிரே இருந்தது. அதனால்தான் அது விடுதலையாக இருந்தது.

காலையிலும் பார்க்க ஆளுண்டு என்று பிலடெல்பியா காட்டியது. 1952 ஜனவரியில் என்.பி.ஸி. நாடு முழுவதற்குமான ‘டுடே’யை ஆரம்பித்தது. அதே ஆண்டு உள்ளூர் நிலையம் அதை ஒளிபரப்ப வேண்டியதாகி, கோவாக்ஸின் நிகழ்ச்சி நின்றது. ஒரு வெற்றி அதைச் சம்பாதித்தவனை வெளியே தள்ளும் வியாபார நியதி இது.

1962 ஜனவரியில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. மறுபடி உபயோகிப்பதற்காக நிலையங்கள் அவருடைய ஒளிநாடாக்களை அழித்துக்கொண்டிருந்தன. மனைவி ஈடி ஆடம்ஸ், தானும் கலைஞர், மிஞ்சியவற்றைத் தன் பணத்தில் வாங்கிக் காப்பாற்றினார். 2015ல் அந்தச் சேகரம் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தது.

எனினும் பிலடெல்பியாக் காலைகளில் எஞ்சியது மிகக் கொஞ்சம். நாம் கோவாக்ஸ் என்று மதிப்பிடுவது பெரும்பாலும் பணம் வந்த பிறகான கோவாக்ஸை. இழந்ததையெல்லாம் உயர்ந்ததாக நினைப்பது ஒரு மயக்கம் என்பது தெரிந்ததே. ஆனால் சாய்ந்த மேஜை, சூப் டப்பாவின் வாரிசு. வாரிசைப் புகழ்கிற விமர்சனம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவைக்கப்பட்ட அந்த அதிகாலை நேரத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.