ஸ்டட் வழியே கசியும் தண்ணீர்: மூன்று திருத்தங்களும் அவற்றின் விலையும்

மன்னார் உயிலங்குளத்து வயல்களில் ஓடும் பழைய உழவு இயந்திரங்களில், எஞ்சினை ஒருமுறையேனும் கழற்றிப் பூட்டாதவை அரிது. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிச் செய்யும் காலபோகத்துக்கு முன், புது பிஸ்டன், புது றிங், புது கஸ்கெற் என்று பெருங்காசு செலவழித்து வேலையை முடிக்கிறார்கள். சில நாள் ஓடியதும் சிலிண்டர் ஹெட்டின் மேல் ஒரு நட்டைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. அதை நிறுத்தப் பொதுவாக மூன்று வழிகள் வழக்கில் உள்ளன: நட்டை இன்னும் இறுக்குவது, றேடியேற்றருக்குள் அடைப்பு மருந்து ஊற்றுவது, ஹெட்டைத் தூக்காமல் அந்த நட்டு ஏறியிருக்கும் ஸ்டட்டை மட்டும் கழற்றிப் பசை பூசிப் பூட்டுவது. மூன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முதலில் காரணத்தைப் பார்க்கவேண்டும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்கள் பலவற்றில், ஸ்டட் இறங்கும் துளை அடியில் தண்ணீர் அறைக்குள் திறந்திருக்கும். 1932 இல் வந்த ஃபோர்ட் வீ-8 இதற்குப் பேர்போனது. அதைப் பூட்டத் தெரிந்தவர் மரையில் பசை பூசாமல் ஸ்டட்டை இறக்கமாட்டார். ஆண் மரைக்கும் பெண் மரைக்கும் நடுவில் மெல்லிய சுருள் வழி ஒன்று எப்போதும் இருக்கும். றேடியேற்றர் மூடி அழுத்தத்தை உள்ளே பிடித்துவைப்பதால் கொதிநிலை உயர்கிறது, ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஏறக்குறைய 1.5 பாகை செல்சியஸ். அதே அழுத்தம்தான் தண்ணீரைச் சுருள் வழியே மேலே தள்ளுகிறது. பல ஆண்டுகள் ஒழுகாத எஞ்சின் வேலை செய்தபின் ஒழுகுவதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. அதுவரை துருவும் பழைய பசையும் வழியை அடைத்திருந்தன. சுத்தம் செய்தபோது அவையும் போய்விட்டன.

இப்போது முதல் வழி. நட்டை இறுக்குவதற்குச் செலவில்லை, நேரமும் போகாது. புது கஸ்கெற் சூட்டில் அமர்ந்து நட்டுத் தளர்ந்திருந்தால், கைநூலில் சொன்ன வரிசையிலும் அளவிலும் ஒருமுறை இறுக்குவது முறையான வேலையே. ஆனால் தண்ணீர் அடியிலுள்ள மரை வழியாக ஏறும்போது, மேலே இருக்கும் நட்டு அந்த வழியை மூடுவதில்லை. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஸ்டட் நீளும், அல்லது புளொக்கின் மரை பிடுங்கிக்கொண்டு வரும். கசிவு நின்றதுபோலத் தெரிந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. வாஷருக்குக் கீழே தடுக்கப்பட்ட தண்ணீர் ஸ்டட்டைச் சுற்றித் தேங்கித் துருவேற்றுகிறது. அடுத்தமுறை ஹெட்டைத் தூக்கப்போகும்போது அது ஸ்டட்டோடு ஒட்டிக் கிடக்கும்.

அடைப்பு மருந்தைக் கேவலமாகப் பேசுவது நியாயமில்லை. அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி நோட்டிலஸ், 1958 ஆகஸ்ட் 3 அன்று வட துருவத்தைக் கடந்தது. அதற்கு முன் அதன் கண்டென்சரில் ஏற்பட்ட கடல்நீர்க் கசிவை நிறுத்தியது, சியாட்டில் கடைகளில் மாலுமிகள் வாங்கிய கார் றேடியேற்றர் மருந்துதான். ஜெனரல் மோட்டோர்ஸ் தன் கடிலாக் எஞ்சின்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே இத்தகைய வில்லைகளைப் போட்டது. அறுவடை நடுவில் இயந்திரம் நின்றால் நெல் வயலில் கிடக்கும். அந்த வேளையில் மருந்து கைகொடுக்கும். எனினும் அது ஒரு கடன். கசிவைத் தேடிப்போகும் துகள்கள் றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் தங்கும். உவர்ப்பேறிய கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிப் பழகிய மன்னார்க் கரையோரத்தில், அக்குழாய்கள் ஏற்கெனவே படிவால் பாதி அடைபட்டிருக்கும். வெப்பம் வெளியேறாமல் ஹெட் வளைந்தால், சிறிய கசிவுக்காகப் பெரிய எஞ்சினையே இழக்க நேரும்.

மூன்றாவது வழியே நோயின் வேரைத் தொடுகிறது. எஞ்சின் குளிர்ந்தபின் தண்ணீரை வடித்து, இரட்டை நட்டுப் பூட்டி ஸ்டட்டைக் கழற்றி, இரு மரைகளையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, கீழ் மரைக்கு மட்டும் இறுகிக் கெட்டியாகாத பசை பூசி இறக்கவேண்டும். மேல் மரைக்கு எஞ்சின் எண்ணெய் போதும். இதனால் கஸ்கெற் தப்புகிறது, காசும் மிஞ்சுகிறது. குறை என்னவென்றால், ஒரு ஸ்டட் வெளியே வந்ததும் அந்த இடத்தில் கஸ்கெற்றின் பிடி தளர்கிறது. துளையின் அடி ஈரத்தை முழுதாக உலர்த்தவும் முடிவதில்லை. ஒரே ஒரு ஸ்டட், புது கஸ்கெற் என்றால் இதை ஏற்கலாம். பல ஸ்டட்கள் கசிந்தால் ஹெட்டைத் தூக்குவதே சரி. எண்ணெய் பாலாகத் திரண்டாலோ, எஞ்சின் ஓடும்போது றேடியேற்றரில் ஓயாமல் குமிழி வந்தாலோ, கஸ்கெற் போயிருக்கலாம், ஹெட்டோ புளொக்கோ வெடித்திருக்கலாம். ராக்கர் மூடிக்குள் நிற்கும் ஸ்டட் கசிந்தாலும் தண்ணீர் எண்ணெயில்தான் இறங்கும், வெளியே தெரியாது. எதுவென்று உறுதியாகும்வரை இயந்திரத்தை ஓட்டக்கூடாது.

குறுக்குவழிகள் நம் பக்கத்தில் வேர்விட்டதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இலங்கையின் வடக்கில் எரிபொருளும் உதிரிப்பாகமும் அரிதாயின. மண்ணெண்ணெயில் கார் ஓடிற்று. 2002 போர்நிறுத்தக் காலத்தில்கூட உயிலங்குளம் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் இடையிலான சோதனைச் சாவடிகளில் ஒன்றாக இருந்தது. இருப்பதைக்கொண்டு இயந்திரத்தை உயிரோடு வைத்திருந்த அந்தக் கைத்திறனுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பசைக் குழாய் கடையில் கிடைக்கும் இன்று, அன்றைய அவசர மருந்தை வழமையான வைத்தியமாக்குவது அந்தத் திறமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஸ்டட் மரைக்குப் பசை பூசுவது ஒழுகியபின் செய்யும் வேலையல்ல. எஞ்சினைக் கட்டும் வேலையின் ஒரு பகுதி. ஆகவே கராஜ்காரர் ஹெட்டை வைக்குமுன் எந்தத் துளைகள் தண்ணீர் அறைக்குள் இறங்குகின்றன என்று கம்பி விட்டுப் பார்க்கவேண்டும். உரிமையாளரிடம் ஒப்படைக்குமுன் குளிர்நிலையில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கவேண்டும். உரிமையாளரும் உவர்நீரை விட்டு, துருத் தடுப்பான் கலந்த கூலண்டுக்கு மாறவேண்டும். இந்தச் செலவு ஒரு போக விளைச்சலைவிட மிகச் சிறியது.