உடைமையும் வியப்பும்: வாலசின் ஆருத் தீவுப் பயணம்

பயணம் செய்தவர் எல்லாரும் பயண இலக்கியம் படைத்துவிடுவதில்லை. கண்ட ஊர்களின் பட்டியலும், பட்ட இன்னல்களின் கணக்கும், கடந்த கல் தொலைவும் நிறைந்த நூல்கள் எல்லா மொழிகளிலும் மலிந்துள்ளன. அவற்றைப் படித்து முடித்தபின், ஆசிரியர் எங்கெங்கே சென்றார் என்பது நமக்குத் தெரியும். சென்ற இடம் அவரை என்ன செய்தது என்பது தெரியாது. இந்த இரண்டாவது வினாவுக்கும் விடை சொல்லும் நூல்கள் சிலவே. ஆங்கில இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1869-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மலாய்த் தீவுக்கூட்டம்' அச்சிலவற்றுள் ஒன்று. அந்நூலில், மழைக்காடு மூடிய ஆருத் தீவுகளுக்கும் அவற்றின் கரையோரச் சிற்றூரான டோபோவுக்கும் அவர் மேற்கொண்ட பயணத்தைச் சொல்லும் இயல்களே அதன் உயிர்நிலை என்பது என் கருத்து. நூலின் பெருமையும் குறையும் அவ்வியல்களிலேயே ஒருங்கே வெளிப்படுகின்றன.

வாலஸ் 1823-இல் பிறந்தவர், செல்வரல்லர். 1854 முதல் 1862 வரை எட்டாண்டுகள் இன்றைய மலேசியா, இந்தோனேசியா நாடுகளின் தீவுகளில் அலைந்து, பூச்சிகளும் பறவைகளும் விலங்குகளுமாக 1,25,660 உயிரினங்களைச் சேகரித்தார். அவற்றுள் பெரும்பகுதியை இலண்டனிலிருந்த முகவர் வழியாக விற்று, அவ்வருவாயில் வாழ்ந்தார். நூலை எழுதும்போது பயண நாட்களின் வரிசையைப் பின்பற்றாமல் தீவுகளின் வரிசையைப் பின்பற்றினார். ஆதலின் வாசகர் போர்னியோவையும் சாவகத்தையும் செலிபிசையும் மொலுக்காவையும் கடந்த பின்னரே ஆருவை அடைகிறார். இந்த அமைப்பு நூலுக்கு நன்மையே செய்துள்ளது. உலகின் கோடிக்குச் செல்கிறோம் என்னும் உணர்வு நமக்கும் உண்டாகிறது.

1856-ஆம் ஆண்டு திசம்பரில் மக்காசர் துறைமுகத்திலிருந்து, 'பிராவு' எனப்படும் உள்நாட்டுப் பாய்மரக் கப்பலில் வாலஸ் புறப்பட்டார். மேற்குப் பருவக்காற்று வீசும்போது கிழக்கே சென்று, கிழக்குக் காற்று எழுந்தபின் திரும்புவது அக்கடல் வணிகரின் முறை. ஆண்டுக்கு ஒரு முறையே பயணம். தொலைவோ ஏறக்குறைய ஆயிரம் மைல். மேல்தட்டில் ஓலை வேய்ந்த சிறு குடிலே அவருக்குத் தங்குமிடம். ஐரோப்பியக் கப்பல்களின் தாரும் வண்ணப்பூச்சும் நாறாத அந்தக் குடிலைப் போல் சுகமான அறை தமக்கு வாய்த்ததில்லை என்று அவர் மகிழ்கிறார். கப்பலில் நேரம் காட்டும் கருவியையும் விவரிக்கிறார்: பாதி நீர் நிறைந்த வாளியில் மிதக்கும் தேங்காய்ச் சிரட்டை, அதன் அடியில் நுண்துளை, ஒரு மணி நேரம் ஆனதும் அது மூழ்கிவிடும். நம் முன்னோரின் நாழிகை வட்டிலை நினைவூட்டும் இக்கருவியைத் தம் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது பிழைபடவில்லை என்று சான்று தருகிறார். ஏளனத்துக்கு இடமிருந்த இடத்தில் சோதித்துப் பார்த்து மதிப்பளிப்பது வாலசின் நற்பண்பு. அவருடைய உரைநடைக்கு அழகு சேர்ப்பதும் இதுவே.

1857 சனவரி 8-ஆம் நாள் கப்பல் டோபோவை அடைந்தது. கடலுக்குள் நீண்ட ஒரு மணல் நாக்கு. அதன்மேல் மூன்று வரிசை வீடுகள் நிற்க மட்டுமே அகலம். எல்லாம் ஓலைக் குடில்கள். கடல் அட்டை, முத்துச்சிப்பி, ஆமையோடு, உண்ணத்தகும் பறவைக்கூடு, சொர்க்கப் பறவையின் தோல் ஆகியவற்றுக்காகச் சீனரும் பூகிசரும் சாவகரும் செராம் தீவினரும் அங்கே கூடுவர். பருவம் முடிந்தால் ஊரும் ஓய்ந்துவிடும்.

அவ்வூரில் வாலசை வியப்பில் ஆழ்த்தியது காடன்று, ஊரின் அமைதி. ஆளுநர் இல்லை, காவலர் இல்லை, வழக்கறிஞர் இல்லை, சிறை இல்லை. பல இனத்தார், பல மொழியார், பல சமயத்தார். பொய்யும் புரட்டும் அறியாதவர்களும் அல்லர். இருந்தும் ஒருவரை ஒருவர் கொள்ளையடிக்காமல் வாழ்கின்றனர். திருட முயன்று பிடிபட்டவனை வணிகர்களே கூடி விசாரித்துப் பிரம்படி கொடுத்து முடிக்கின்றனர். இதைக் கண்ட வாலஸ், எண்ணற்ற சட்டங்களையும் வழக்கறிஞர்களையும் சுமந்து நிற்கும் தம் இங்கிலாந்தை எண்ணிப் பார்க்கிறார். அங்கே ஆட்சி தேவைக்கு மிகுந்துவிட்டதோ என்று ஐயுறுகிறார். அயல்நாட்டைக் கண்டு தன் நாட்டை வியந்துகொள்ளும் பயணிகளே நிறைந்திருந்த காலத்தில், அயல்நாட்டைக் கண்டு தன் நாட்டைக் கேள்விக்கு உட்படுத்திய பயணி இவர்.

இவ்வமைதிக்குக் காரணம் வணிகமே என்று அவர் முடிவு செய்கிறார். அம்முடிவை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதே வணிகர்களின் கப்பல்களில் சாராயமும் வந்திறங்கியது. ஆரு மக்கள் உழைப்பின் பெரும்பகுதி அதற்கே ஈடாகப் போயிற்று. இதையும் வாலஸ் மறைக்காமல் பதிவு செய்கிறார். தம் கோட்பாட்டுக்கு மாறான சான்றையும் தாமே தருகின்ற இந்த நேர்மை போற்றத்தக்கது. ஆனால் இரண்டையும் ஒன்றாக நிறுத்தி எடை போட அவர் முனையவில்லை.

அவர் இவ்வளவு தொலைவு வந்தது சொர்க்கப் பறவைக்காக. அப்பறவை ஐரோப்பாவில் புகுந்த வரலாறே ஒரு கதை. மகெல்லனின் கப்பற்படையில் எஞ்சிய 'விக்டோரியா' 1522-இல் இசுபெயினுக்குத் திரும்பியபோது அதன் பதப்படுத்திய தோல்களைக் கொண்டுவந்தது. கால்களை நீக்கிவிட்டே தோலைப் பதப்படுத்துவது தீவினரின் வழக்கம். கால் இல்லாத பறவையைக் கண்ட ஐரோப்பியர், இது மண்ணில் இறங்காமல் வானிலேயே வாழும் பறவை என்று நம்பினர். 1758-இல் லின்னேயசு இதன் பெரிய வகைக்கு இட்ட அறிவியல் பெயரிலும் 'காலற்றது' என்னும் பொருளே நிலைத்துவிட்டது. தோல் வணிகத்தின் வெட்டுக்கத்தி செய்த குறையை விண்ணுலகின் நிறைவாக மாற்றிய கற்பனை அது. அதைக் களைந்து, உயிருள்ள பறவையைக் காட்டிலே கண்டு எழுதியவர்களுள் வாலஸ் முதன்மையானவர். குறித்த சில மரங்களில் ஆண் பறவைகள் கூடி இறகு விரித்து ஆடுவதையும், கிளைமேல் ஓலை மறைப்புக்குள் ஒளிந்திருக்கும் வேடன் குருதி படாமல் வீழ்த்த மழுங்கிய முனை அம்பு எய்வதையும் அவர் தெளிவாக விவரிக்கிறார்.

டோபோவிலிருந்து பெருந்தீவின் உட்பகுதிக்குச் சென்றபின், அவருடைய உதவியாளன் பதெரூன் ஒரு நாள் சிறிய அரச சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தான். செஞ்சாந்து நிற உடல். வாலிலிருந்து நீளும் இரு கம்பி இழைகள். அவற்றின் நுனியில் சுருண்ட மரகத வட்டங்கள். அதைக் கையில் ஏந்திய வாலசின் உள்ளத்தில் முதலில் எழுந்தது பேருவகை. அதனைத் தொடர்ந்து துயரம். யாரும் காணாத இக்காட்டில் எத்தனை காலமாக இவ்வழகு பிறந்து மறைந்திருக்கிறது என்று எண்ணுகிறார். நாகரிக மனிதன் இங்கே வந்து சேர்ந்தால், தன்னால் மட்டுமே முழுமையாகச் சுவைக்கத்தக்க இதே அழகைத் தானே அழித்துவிடுவான் என்று அஞ்சுகிறார். உயிர்கள் எல்லாம் மனிதனுக்காகவே ஆக்கப்பட்டவை என்னும் எண்ணம் பிழையானது என்ற முடிவுக்கு வருகிறார். அவற்றின் இன்பமும் துன்பமும் அவற்றுக்கே உரியவை என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயண இலக்கியத்தில் இதற்கு நிகரான ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை.

ஆனால் இதை நினைத்த வேளையில் பறவை இறந்துவிட்டிருந்தது என்பதை மறக்கலாகாது. அந்நினைவுக்குப் பின்னரும் வேட்டை நிற்கவில்லை. அவருடைய வாழ்வும் ஆய்வும் அத்தோல்களையே நம்பியிருந்தன. அச்சேகரிப்பின் பயனாகவே, உயிரினங்கள் மாறுபட்டுத் தோன்றும் முறைபற்றிய தம் கட்டுரையை 1858-இல் டார்வினுக்கு அனுப்பினார். அது அவ்வாண்டு சூலை 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயர் கழகத்தில் டார்வினின் எழுத்துகளோடு சேர்த்துப் படிக்கப்பட்டது. எனவே அவரைக் குற்றக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. உடைமையாக்கும் கையும் வியந்து நிற்கும் கண்ணும் ஒரே மனிதருக்கு உரியவை என்பதை அப்பக்கம் ஒளிக்கவில்லை. அதனாலேயே அது இலக்கியம் ஆகிறது. அவருடைய அச்சமும் வீணாகவில்லை. பின்வந்த ஆண்டுகளில் ஐரோப்பிய மகளிரின் தொப்பிகளுக்காகச் சொர்க்கப் பறவைகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. இறகு இறக்குமதியைத் தடுக்க இங்கிலாந்து சட்டம் இயற்றியது 1921-ஆம் ஆண்டில்தான்.

நூலின் குறை வேறோர் இடத்தில் உள்ளது. உள்நாட்டு ஊரான வனும்பையில் மக்கள் வாலசைச் சூழ்ந்துகொண்டு அவருடைய நாட்டின் பெயரைக் கேட்கின்றனர். அவர் சொல்லும் பெயரை அவர்கள் நம்பவில்லை. அப்படியொரு நாடு இருக்க முடியாது, எங்களை ஏமாற்றுகிறீர் என்கின்றனர். பதப்படுத்திய பறவைகளுக்கு அவர் தம் நாட்டில் மீண்டும் உயிர் கொடுப்பார் என்பது அவர்கள் எண்ணம். தாமே ஒரு வினோதப் பொருளாகப் பார்க்கப்படுவதை வாலஸ் நகைச்சுவையோடு ஏற்று எழுதுகிறார். இங்கே மக்கள் பேசுகின்றனர், வாதாடுகின்றனர், ஐயுறுகின்றனர், உயிரோடு நிற்கின்றனர்.

இதே மக்கள், நூலின் இறுதியில் மனித இனங்களைப் பற்றிய இயலுக்கு வரும்போது மாதிரிகளாகிவிடுகின்றனர். மலாயர் அடக்கமானவர், பாப்புவர் ஆரவாரமானவர் என்று குணங்கள் வகுக்கப்படுகின்றன. ஐரோப்பியர் குடியேற்றம் நியூகினியின் பக்கம் திரும்பினால் பாப்புவ இனம் விரைவில் அழிந்துபோகும் என்று அவர் கணிக்கிறார். பறவையின் அழிவை எண்ணிக் கலங்கியவர், ஒரு மக்களினத்தின் அழிவை வானிலை அறிக்கைபோல் சொல்லிச் செல்கிறார். சிறகுக்குக் கிடைத்த துயரம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. அந்நூலின் கடைசிப் பக்கங்களிலேயே இங்கிலாந்தின் வறுமையையும் நிலவுடைமை அநீதியையும் கடுமையாகச் சாடி, அறநிலையில் நாம் இம்மக்களினும் உயர்ந்தோம் அல்லோம் என்று சொல்பவரும் அவரே என்பதால், இக்குறை இன்னும் உறுத்துகிறது.

உதவியாளர்களைப் பற்றிய பதிவிலும் இந்நிலையைக் காணலாம். சரவாக்கைச் சேர்ந்த ஆலி என்னும் இளைஞர் ஆண்டுக்கணக்கில் அவரோடு பயணம் செய்து, சுட்டும் தோலுரித்தும் சேகரிப்பில் பெரும்பங்கு ஆற்றினார். வாலஸ் அவரை நன்றியோடு குறிப்பிடுகிறார். ஆனால் ஆலி அக்காடுகளைப் பற்றி என்ன நினைத்தார் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

கணிப்புகளுக்குக் காலம் விடை சொல்லிவிட்டது. பாப்புவ மக்கள் அழியவில்லை. ஆருத் தீவுகள் இன்று இந்தோனேசியாவின் மலுக்கு மாநிலத்தில் உள்ளன; 2003-ஆம் ஆண்டு அவை தனி மாவட்டமாயின; அதன் தலைநகர் அதே டோபோ. 2010-க்குப் பின், அத்தீவுகளின் காட்டில் ஏறக்குறைய 5 இலட்சம் எக்டேரை அழித்துக் கரும்புத் தோட்டம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. நாகரிக மனிதனைப் பற்றி வாலஸ் அஞ்சியது ஏட்டு வடிவில் வந்து நின்றது. அதை எதிர்த்து எழுந்தவர்கள் ஆரு மக்கள். அவர்களுடைய குரல் தீவுகளுக்கு அப்பாலும் பரவி ஆதரவு திரட்டிற்று. 2014-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அரச சொர்க்கப் பறவை இன்றும் அக்காட்டில் வாழ்கிறது.

அழகைக் காண வருபவனே அதை அழிக்கவும் கூடும் என்று வாலஸ் கண்டார். அழகின் நடுவே பிறந்து வாழ்பவர்கள் அதைக் காக்கக்கூடும் என்பதை அவர் காணவில்லை. அவர்களை அழகைச் சுவைக்கத் தெரியாதவர்களாக அவர் கருதியதே இதற்குக் காரணம். காடு அவர்களுக்குக் காட்சியாக இருந்ததில்லை, அது வீடு. வீட்டை வியந்து யாரும் எழுதுவதில்லை. ஆனால் தீப்பிடித்தால் முதலில் ஓடி வருபவர் அங்கே குடியிருப்பவரே.

'மலாய்த் தீவுக்கூட்டம்' இன்றும் படிக்கத்தக்க நூல். தமிழில் அதன் ஆருப் பகுதியையேனும் யாராவது நன்கு மொழிபெயர்த்தால் நம் வாசகர்க்குப் பெரும் பயன் விளையும். படிப்போர் இரண்டு கண்களோடு படிக்க வேண்டும். ஒன்று, கையில் ஏந்திய பறவையின்முன் தன் உடைமையுணர்வை இழந்து நின்ற அம்மனிதரின் கண். மற்றொன்று, அவரைச் சூழ்ந்து நின்று, உம் நாட்டின் உண்மைப் பெயரைச் சொல்லும் என்று விடாமல் கேட்ட வனும்பை மக்களின் கண். இரண்டாவது கண்ணைக் கொண்டு பார்ப்பவர்க்கே, அடுத்த ஊருக்குச் செல்லும்போது அங்குள்ளவர் முகத்தில் ஒரு வினா இருப்பது தெரியும்.