நோட்டோ செரிஃப் தமிழ் பிளாக்: தடிப்பு முழுசு, பழமை பாதி

தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் என்றே தடித்தும் பெரிதாகவும் அமைக்கப்படும் எழுத்துருவைக் காட்சி எழுத்துரு என்பர். பழங்காலச் சாயல் கொண்ட அவ்வகைக்கு உலகறிந்த சான்று, ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-இல் சிகாகோவில் வெளிவந்த கூப்பர் பிளாக். இங்கே பார்க்கும் எழுத்துருவின் பெயரில் உள்ள செரிஃப் என்பது, உரோமன் எழுத்துகளில் கோடு முடியுமிடத்தில் நீளும் சிறு முனை. தமிழ் எழுத்துக்கு அந்த முனை மரபில் இல்லாமையால், தமிழில் செரிஃப் என்பது ஒரே எழுத்துக்குள் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும் அச்சு மரபையே குறிக்கிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழ் அந்த மரபைச் சேர்ந்தது. 100 முதல் 900 வரை செல்லும் அதன் தடிப்பளவில் உச்சியில் இருப்பது பிளாக்.

குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கியதும் அருகிலுள்ள தென்காசி அச்சகங்களில் குவியும் விடுதிப் பலகை, சிப்ஸ் கடை பிளெக்ஸ், பிட் நோட்டீஸ் போன்ற வேலைகளில் சில வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்தினால் இதன் வலிமையும் குறையும் வெளிப்படுகின்றன. இது யூனிகோடு எழுத்துரு என்பதால், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செல்லாது. பத்தடிப் பலகையில் 'எண்ணெய்க் குளியல்' என்று அடித்தால் சாலையின் மறுபுறத்திலிருந்தே படிக்கலாம். அதே சொல்லை மலிவுத் தாளில் நோட்டீஸாக அச்சிட்டால், மை பரவி ணகரத்தின் சுழிகள் அடைபட்டுவிடுவதால், அங்கே தடிப்பை 700-க்குக் குறைப்பதே தக்கது.

இவையெல்லாம் சிறு குறைகள். பொறுத்துக்கொள்ள இயலாதது 'குற்றாலம்' என்று தட்டச்சிடும்போது தெரியவருகிறது. பழைய அச்சில் 'றா' என்பதற்குத் தனித் துணைக்கால் கிடையாது. றகரத்தோடு ஒட்டி வளைந்த சுழியே அந்த நெடிலைக் காட்டியது. ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த முன்கொம்பைத் தாங்கின. இத்தகைய பதின்மூன்று வடிவங்களுக்கு மாற்றாகப் பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் கையாண்ட சீர்மையைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டது. கற்பதற்கும் அச்சுக் கோப்பதற்கும் அது எளிமை தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக்குப் பழம்பதிப்பின் தோற்றத்தில் அட்டை அமைக்க முனைபவருக்கு, இந்த எழுத்துரு இயல்பாகத் தருவது 1978-க்குப் பிந்தைய 'றா'வையே. கோட்டின் தடிப்பு பழைய அச்சுக்கூடத்தை நினைவூட்ட, எழுத்தின் வடிவம் இன்றைய பாடநூலைக் காட்டுகிறது.

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குடும்பமாக எழுத்துரு அமைப்பதே நோட்டோவின் நோக்கமாதலால், பழமையை அது வாக்களிக்கவில்லை என்பது நியாயமான வாதமே. எனினும் யூனிகோடு எழுத்துக்குரிய குறியீட்டை மட்டும் வகுத்து வடிவத்தை எழுத்துருவிடம் விட்டுவிடுவதாலும், ஓப்பன்டைப் நுட்பத்தில் மாற்று வடிவங்களை விருப்பத் தேர்வாக இணைக்க வழியிருப்பதாலும், பழைய பதின்மூன்றையும் சேர்ப்பதற்குத் தடை ஏதுமில்லை. அதுவரை வடிவமைப்பவர் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி பழைய சுழியைக் கையாலேயே வரைந்துகொள்ள வேண்டியதுதான். விடுதிப் பலகைக்கும் பிளெக்ஸுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்; பழம்பதிப்பின் சாயல் வேண்டும் நூலட்டைக்கு இதை மட்டும் நம்பி இறங்குவது வீண்வேலை.