நூல்கண்டில் ஓர் ஏரி

இயற்கை முகாம் விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது நூல் வலைதான். இயற்கைக் கல்வியாளர் ஜோசப் கார்னெல் 1979-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இது இருக்கிறது. செலவு ஒரு நூல்கண்டு. வட்டமாக நின்று ஆளுக்கோர் உயிராக வேண்டும். யாருக்கு யார் தேவை என்று கேட்டுக் கேட்டு நூலை நீட்ட வேண்டும்.

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலய ஏரியை வைத்து ஆடினால் ருசியே தனி. நத்தையின் கையிலிருந்து நூல் நத்தைகுத்தி நாரைக்குப் போகும். நாரையிடமிருந்து, அது கூடு கட்டும் நீர்க்கடம்புக்கு, மரத்தடியில் எச்சம் விழுந்து சத்தேறும் ஏரித் தண்ணீருக்கு, அது பாயும் நெல்வயலுக்கு, கடைசியில் விவசாயிக்கு. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவர இந்த உரத்தண்ணீரும் ஒரு காரணம்.

பிறகு, "கடம்பை வெட்டியாச்சு" என்பார் நடத்துபவர். கடம்பாக நிற்கும் பையன் பொத்தென்று உட்காருவான். நாரையின் ஆள்காட்டி விரலில் நூல் இறுகி, நுனி சிவக்கும். இழுப்பு பட்டவரெல்லாம் உட்கார வேண்டும் என்பது விதி. விவசாயியாக நிற்பவர் உட்காரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்! இந்த விளையாட்டைப் பிள்ளைகளோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களையும் வட்டத்துக்குள் இழுத்துவிட வேண்டும்.

ஒரே தொல்லை, "நான் புலி" என்று எல்லோரும் முந்துவார்கள். ஏரியில் ஏது புலி? நத்தைக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு.