கேட்டலும் கதை நிகழ்ச்சியே: இரண்டாம் பாகக் கதைக்கோப்பு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு கதை முடிந்த பின்னர் அதன் தொடர்ச்சியாக மற்றொரு கதையை அமைப்பது இன்று திரைப்பட உலகில் பெருவழக்காகியுள்ளது. வணிக நோக்கமே இதற்குக் காரணம் என்று கூறி அறிஞர் பலர் இதனை ஆராயாது விடுகின்றனர். எனினும், தொடர்ச்சிக் கதையை அமைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என வழங்கும் மரபை நாம் அறிவோம். ஆகவே, இரண்டாம் பாகம் என்பது முதற்பாகத்திற்கு எவ்வகையில் கடன்பட்டுள்ளது என்னும் வினா தமிழாய்வாளர்க்கும் உரியதே. இக்கட்டுரையில் அவ்வினாவை, வெற்றிமாறன் இயக்கிய 'விடுதலை' என்னும் படத்தின் இரண்டாம் பாகத்தை நடுவாக வைத்து ஆராய முற்படுகின்றோம்.

'விடுதலை'யின் முதற்பாகம் 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலும், இரண்டாம் பாகம் 2024ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களிலும் வெளிவந்தன. செயமோகனின் 'துணைவன்' என்னும் சிறுகதையை அடியாகக் கொண்டு எழுந்தவை இவை. படத்தில் வரும் பெருமாள் வாத்தியார் என்னும் பாத்திரம், கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தைச் சார்ந்த தமிழாசிரியரும், பின்னர்ப் பொதுவுடைமைப் புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டு மரண தண்டனை விதிக்கப்பெற்று மீண்டவருமான புலவர் கலியபெருமாளை நினைவூட்டுவதாகப் பலர் சுட்டியுள்ளனர். அவர் 2007இல் மறைந்தார். சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் மேல்பட்டாம்பாக்கத்திலும் இப்படத்தைக் காண்போர்க்கு, நிலவுடைமை, கூலி, பள்ளி ஆசிரியர் எனப் படத்தில் வருவன யாவும் தம் மாவட்டத்துச் செய்திகளே. ஆயினும், படத்தை வரலாற்று ஆவணமாகக் கொள்வது நம் நோக்கமன்று. அதன் கதைக்கோப்பே ஈண்டு ஆராய்ச்சிக்குரியது.

முதற்பாகத்தின் அமைப்பு எளியது. குமரேசன் என்னும் கடைநிலைக் காவலன் மலைப்பகுதி முகாமில் ஓட்டுநனாகப் பணியேற்கிறான். காயமுற்ற பெண்ணொருத்திக்கு உதவியமையால் மேலதிகாரியின் சினத்துக்கு ஆளாகின்றான். மன்னிப்புக் கேட்க மறுக்கின்றான். தமிழரசி என்னும் மலைவாழ் பெண்பால் அன்பு கொள்கின்றான். மக்கள் படையின் தலைவனாகிய பெருமாளைப் பிடித்தற்கென ஊர்ப்பெண்டிரைக் காவலர் கொடுமைப்படுத்துங்கால், அக்கொடுமை நிற்றல் வேண்டும் என்னும் பதைப்பினால் பெருமாளைப் பிடிக்க முனைகின்றான். தேடல், ஓட்டம், பிடித்தல் என நிகழ்ச்சிகள் முன்னோக்கியே செல்கின்றன. குமரேசன் செய்பவன், பெருமாள் பெரும்பகுதியும் கண்ணுக்குப் புலனாகாதவன்.

இரண்டாம் பாகத்தில் இவ்வமைப்பு தலைகீழாகின்றது. பிடிபட்ட பெருமாளைக் காட்டுவழியே காவலர் அழைத்துச் செல்கின்றனர். அவ்வழிநடையில் பெருமாள் தன் வாழ்வைக் கூறுகின்றான்; குமரேசன் கேட்கின்றான். ஒருபால் இவ்வழிநடை, ஒருபால் பெருமாளின் கடந்த காலம், ஒருபால் கைதுச் செய்தியை நாட்டுக்கு எவ்வாறு அறிவிப்பது என அறைக்குள் அமர்ந்து ஆராயும் உயர் அதிகாரிகள். இம்மூன்று இழைகளால் கதை பின்னப்பட்டுள்ளது. முதற்பாகத்தில் செய்தவன் இதில் கேட்பவனாகின்றான், தேடப்பட்டவன் சொல்பவனாகின்றான். கதையோ பின்னோக்கிச் செல்கின்றது.

இவ்வமைப்பே இரண்டாம் பாகத்தின்மேல் எழுந்த குறைகூறலுக்கும் காரணமாயிற்று. பேச்சு மிகுந்தது, நிகழ்ச்சி குறைந்தது, கொள்கை விளக்கமே கதையை விழுங்கிவிட்டது என்பன அக்குறைகள். இவற்றைக் கேட்குங்கால் மணிமேகலையைப் பற்றி நாம் நெடுநாளாகக் கேட்டுவரும் குறையே நினைவுக்கு வருகின்றது. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையும் தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையும் கதையோட்டத்தைத் தடுத்து நிற்கும் அளவை நூற்பகுதிகள் என்று கூறுவார் உளர். சிலப்பதிகாரத்தில் களவும் பொய்க்குற்றச்சாட்டும் ஆராயாக் கொலையும் அதன் விளைவாகிய நகரழிவும் உள்ளன. அவற்றின் தொடர்ச்சியில் கேள்வியும் அறவுரையும் மிகுகின்றன. செயலிலிருந்து சொல்லுக்குச் செல்லுதல் தொடர்ச்சிக் கதைக்கு இயல்போ என்னும் ஐயம் இதனால் எழுகின்றது.

இவ்வையத்தை வலியுறுத்தும் சான்றொன்று உருசிய நாட்டிலும் உண்டு. அலெக்சேய் பலபானோவ் 1997இல் 'பிராத்' என்னும் குற்றவுலகப் படத்தை இயக்கினார். உருசிய மொழியில் அச்சொல்லுக்குச் 'சகோதரன்' என்பது பொருள். படையிலிருந்து மீண்ட தனிலா என்னும் இளைஞன், கூலிக்கொலைஞனாகிய தன் தமையனை நாடிப் பீட்டர்சுபர்க்கு நகருக்கு வந்து, அவ்வுலகிலேயே இறங்கிவிடுவதை அது கூறுகின்றது. அதில் தனிலா மிகுதியும் பேசாதவன். அவன் செயல்களுக்கு விளக்கம் கிடைப்பதில்லை. அவ்விளக்கமின்மையே காண்போரை அச்சுறுத்துவது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பாகத்திலோ கதை மாசுகோவில் தொடங்கிச் சிக்காகோவுக்குச் செல்கின்றது. கொலையுண்ட நண்பனின் இரட்டைப் பிறப்பாகிய உடன்பிறந்தான், வளைபந்தாட்ட வீரனாக அமெரிக்காவில் ஏமாற்றப்படுகின்றான். அவன் பொருட்டுத் தனிலா கடல் கடக்கின்றான். முடிவில், ஏமாற்றிய செல்வனின் முன் அமர்ந்து, வலிமை எதில் உள்ளது என்பதைப் பற்றி உரையாற்றுகின்றான். பேசாதவன் பேசிவிட்டான். அப்பேச்சு உருசிய மக்களிடையே பெரும்புகழ் பெற்றது என்பது உண்மையே. ஆயினும் கதைக்குள் அதனைக் கேட்கும் செல்வனின் உள்ளம் மாறியதாகப் படம் காட்டவில்லை. உண்மையில் அவ்வுரை அவனை நோக்கியதன்று. அரங்கில் அமர்ந்திருப்போரை நோக்கியது.

இங்கு நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. கதைக்குள் நிகழும் பேச்சு, கேட்பவனை மாற்றுமாயின் அதுவும் நிகழ்ச்சியே. மாற்றாதாயின், எத்துணை அழகுடையதாயினும், அது கதைக்குப் புறம்பான உரையே. பேச்சின் அளவை எண்ணிக் குறைகூறுதல் பொருந்தாது. பேச்சின் பயனையே நோக்குதல் வேண்டும்.

இவ்வளவுகோலை மணிமேகலையின்மேல் வைத்து நோக்குவோம். உதயகுமரன் காஞ்சனனால் வெட்டுண்டபின் மணிமேகலை சிறைப்படுகின்றாள். மகனை இழந்த இராசமாதேவி, அரசனிடம் கூறி அவளைச் சிறைநீக்கித் தன்பால் வைத்துக்கொண்டு வஞ்சம் தீர்க்க முயல்கின்றாள். மயக்க மருந்தூட்டல், இளைஞனொருவனை ஏவுதல், உணவின்றி அடைத்து வைத்தல் என அவள் செய்யும் கொடுமைகள் யாவும் பயனற்றுப் போகின்றன. இறுதியில் சிறைப்பட்டவளே அறம் கூறுகின்றாள். சிறைப்படுத்தியவள் உள்ளம் மாறுகின்றாள். இதற்கு முன்னரே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய நிகழ்ச்சியும் இடம்பெற்றுள்ளது. எனவே, சிறைக்குள்ளிருந்து எழும் சொல் சிறைக்காவலை மாற்றுவது என்பது மணிமேகலையின் கதைக்கோப்பிலேயே அமைந்த பண்பு எனலாம். சமயக்கணக்கர் காதையில் மணிமேகலை மாறுவதில்லை, கேட்டுத் தள்ளுகின்றாள். ஆயினும் அத்தள்ளுதலே அவளை அறவணவடிகளிடம் ஆற்றுப்படுத்துகின்றது. அக்காதையின் நீளத்தைக் குறைகூறலாமேயன்றி, அதனைக் கதைக்குப் புறம்பானது என்று கூறுதல் இயலாது.

இனி 'விடுதலை'யின் இரண்டாம் பாகத்துக்கு வருவோம். சிறைப்பட்டவன் சொல்லச் சிறைப்படுத்தியவன் கேட்கும் மேற்கூறிய அமைப்பே இதிலும் உள்ளமை வெளிப்படை. இயக்குநர் மணிமேகலையை எண்ணி அமைத்தார் என்று நாம் கூறவில்லை. தொடர்ச்சிக் கதைக்குரிய இயற்கையான வழிகளுள் ஒன்று இது என்பதே நம் கருத்து. முதற்பாகத்தில் நன்மை கருதிச் செய்த செயல் தீமையாய் முடிந்தது என்பதைக் குமரேசன் எவ்வாறு அறிவான்? பெருமாள் யார் என்பதைக் கேட்டே அறிதல் வேண்டும். ஆகவே அக்கேள்வி இன்றியமையாதது. நடையும் கதையும் முடியுங்கால் பெருமாள் உயிரோடில்லை. குமரேசனும் முன்னிருந்த காவலனாக இல்லை. இவ்வளவில் பேச்சு நிகழ்ச்சியாயிற்று. தனிலாவின் உரைக்கும் பெருமாளின் உரைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

உயர் அதிகாரிகளின் அறை என்னும் மூன்றாம் இழையும் இந்நோக்கில் பொருளுடையதாகின்றது. காட்டில் ஒருவன் தன் கதையைத் தானே கூறுகின்றான். அறையில் பிறர் அவன் கதையை அவனில்லாமலே எழுதுகின்றனர். ஒருவனைப் பற்றிய கதையை யார் கூறுவது என்பதே படத்தின் உட்பொருள். தண்டியாசிரியர் பாவிகம் என்று கூறும் காப்பியப் பண்பை இப்படத்திற்கு ஏற்றிக் கூறின், அஃது இவ்வுட்பொருளே எனலாம்.

ஆயினும் குறைகள் இரண்டினை மறைத்தல் ஆகாது. முதலாவது, பெருமாளின் கதையில் வரும் பகுதிகள் அனைத்தும் குமரேசனை நோக்கியவையல்ல. மகாலட்சுமியோடு பெருமாள் கொண்ட காதல் தன்னளவில் இனியதே. எனினும் அக்காட்டுவழியில், அக்காவலனுக்கு, அவ்வேளையில் அது ஏன் கூறப்பட வேண்டும் என்பதற்கு விடை இல்லை. கேட்பவனின் முகத்தைப் படம் நெடுநேரம் மறந்துவிடுகின்றது. அவ்விடங்களில் பெருமாளும் தனிலாவைப் போன்று அரங்கத்தாரை நோக்கியே பேசுகின்றான்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. முதற்பாகத்தில் குமரேசனை இயக்கியது கொள்கையன்று; தமிழரசியும் பிற பெண்டிரும் உற்ற துயரமே. அவர்களைக் காக்கவே அவன் பெருமாளைப் பிடிக்க முனைந்தான். அத்துயரத்துக்கு இரண்டாம் பாகம் என்ன விடை கூறுகின்றது? தமிழரசி கதையிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடுகின்றாள். முதற்பாகம் வைத்த கடன் ஒரு பெண்ணிடத்தில். இரண்டாம் பாகம் அதனைத் தீர்ப்பது ஓர் ஆசிரியனிடத்தில். மணிமேகலைக் காப்பியமோ இக்கடனை மறக்கவில்லை. கோவலன் கொலையுண்ட துயரத்தாலேயே மாதவி துறவு பூணுகின்றாள். மணிமேகலையும் வஞ்சிக்குச் சென்று கண்ணகியின் படிமத்தின்முன் நின்ற பின்னரே கச்சி சென்று அறம் கேட்டு நோன்பு ஏற்கின்றாள். முதற்கதையில் துயருற்றவர் இரண்டாம் கதையில் முகமின்றிப் போவதில்லை.

எனவே நாம் காணும் முடிபு இது: இரண்டாம் பாகம் பேச்சு மிகுந்தது என்பதனாலேயே குறையுடையதாகாது. கேட்டலைச் செயலாக்கிய அளவில் 'விடுதலை'யின் இரண்டாம் பாகம், தமிழின் பழைய தொடர்ச்சிக் காப்பியத்தோடு ஒப்புநோக்கும் தகுதி பெறுகின்றது. முதற்பாகத்தில் யார் அழுதார் என்பதை மறந்த அளவில் அத்தகுதியை இழக்கின்றது. தொடர்ச்சிக் கதையை மதிப்பிடுவோர், நாயகன் மீண்டும் வந்தானா என்று கேட்பதினும், முன்னைத் துயரம் மீண்டும் நினைக்கப்பட்டதா என்று கேட்பதே சாலப் பொருந்தும்.