மளவ்லியில் அச்சான சரஸ்வதி

புனே–லோனாவ்ளா லோக்கலில் போகிறவர்களுக்கு மளவ்லி ஸ்டேஷன் தெரிந்திருக்கும். கார்லா, பாஜா குகைகளுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். நம் வீட்டுப் பூஜை அறையில் தொங்கிய சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் இந்தப் பக்கத்தோடு உறவு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் 1899-இல் இங்கேதான் இடம் மாறியது.

கும்பகோணத்தில் என் பாட்டி அந்தச் சரஸ்வதியைக் காட்டி, "ஆதி காலத்துப் படம்டா இது" என்பாள். பாட்டியின் ஆதிகாலம் ஜெர்மன் இயந்திரத்தில், வண்ணத்துக்கு ஒரு கல்லாக வைத்து அச்சடித்தது!

அதே சமயம் ஐரோப்பாவில் என்ன நடந்தது? 1886-இல் பாரிஸில் ழான் மொரேயாஸ் குறியீட்டியத்தின் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். ஆலையும் ரயிலும் பெருகிய உலகத்தோடு மனம் ஒட்டாத ஓவியர்கள் புராணத்துக்கும் கனவுக்கும் திரும்பினார்கள். அவர்களுக்கு முன்னோடியான குஸ்தாவ் மொரோ 1898-இல் மறைந்தார். அவர் தொன்மப் பெண்களைத் தீட்டிய வீடே பிறகு அருங்காட்சியகமாயிற்று.

ரவிவர்மாவும் பழங்கதைக்குத்தான் திரும்பினார். ஆனால் வழி நேர் எதிர். மொரோ மர்மத்தைக் கூட்டினார், இவர் குறைத்தார். இவருடைய சரஸ்வதி நீர்க்கரைப் பாறையில் உட்கார்ந்து வீணை வாசிக்கிறாள். புடவை மடிப்பைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது. கூடுதல் இரண்டு கைகளை மறைத்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்தான். ஆனந்த குமாரசாமி இவர் ஓவியங்களில் நாடகத்தனத்தைக் கண்டார். அந்தக் குறை நியாயமானதே. கனவின் மங்கல் வேண்டுமென்றால் அவனீந்திரநாத் தாகூர் 1905-இல் தீட்டிய 'பாரத மாதா'விடம்தான் போகவேண்டும். குறியீட்டியத்துக்குக் கிட்டே வருவது அதுதான்.

இருந்தாலும், வெறும் 'காலண்டர் ஆர்ட்' என்று ரவிவர்மாவைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. மொரோவின் ஏக்கம் இயந்திரத்துக்கு முதுகு காட்டியது. ரவிவர்மாவின் ஏக்கம் இயந்திரத்தின் மேலேறி வந்தது. கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுச் சுவருக்கும் சாமி வர முடிந்தது அதனால்தான். இந்தக் கணக்கைக் கலை விமர்சனம் விட்டுவிடக் கூடாது.

அச்சகம் பின்னர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. 1972-இல் தீ அதை அழித்தது.

பாட்டி போன பிறகு, "நம்ம ஊர் ஞாபகமா இருக்கட்டும்" என்று அந்தப் படத்தைப் புனேக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடி மாற்றக் கழற்றியபோதுதான் அடியில் பொடி எழுத்தைப் பார்த்தேன்: ரவிவர்மா பிரஸ், கார்லா–லோனாவ்ளா. ஊரிலிருந்து கொண்டுவந்தேன் என்று நினைத்தேன்; அது தன் ஊருக்குத் திரும்பியிருக்கிறது. உங்கள் வீட்டுப் படத்தின் அடியையும் ஒருமுறை பாருங்களேன்.