கரை சேராத துக்கம்: உளப்பகுப்பு மரபும் நம் குப்பமும்

சென்னை காசிமேட்டில் எங்கள் தெருவில் ஒரு சின்னம்மா இருந்தார். விசைப்படகில் தொழிலுக்குப் போன அவர் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சின்னம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. இரவு சோறு வடித்ததும் ஒரு தட்டில் அவருக்கும் போட்டு மூடி வைப்பார். விடியுமுன் எழுந்து அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துத் தானே குடித்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்குக் கிளம்புவார். ஒப்பாரி வைக்க ஊர் கூடவில்லை. உடல் இல்லாமல் எதைச் சுற்றி உட்கார்ந்து அழுவது?

நாம் அறிந்து செய்வதற்கு அடியில், நாம் அறியாத ஆசையும் அச்சமும் இழப்பும் வேலை செய்கின்றன என்பது உளப்பகுப்பு மரபின் அடிப்படை. அதை நான் தேடிப் படித்தது அந்தத் தட்டினால்தான். அதனால் அந்த மரபின் ஒவ்வொரு சிந்தனைப் பள்ளியையும் அந்தத் தட்டின் முன் நிறுத்திப் பார்ப்பதே என் வழக்கம்.

மூலவர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1856 மே மாதம் பிறந்தார். துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு அவர் 1917இல் வெளியிட்ட கட்டுரை சிறியது, ஆனால் இந்த மரபின் பெரிய சொத்து. துக்கம் என்பது ஒரு வேலை என்றார் அவர். சிக்குப் பிடித்த வலையைக் கண்ணி கண்ணியாகப் பிரிப்பது போல, ஒவ்வொரு நினைவாக எடுத்து, ‘இனி அவர் இல்லை’ என்று ஒப்புக்கொண்டு பாசத்தை மெல்ல அவிழ்க்கும் வேலை. ஆனால் ‘இல்லை’ என்பது உறுதியானால்தானே அந்த வேலை தொடங்கும்? சின்னம்மாவுக்கு அதுவே வாய்க்கவில்லை. ஃபிராய்டும் பின்னால் இளகினார். 1920இல் மகள் சோஃபியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர், ஒன்பது ஆண்டு கழித்து ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்த இடம் நிரம்புவதே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஃபிராய்டோடு இருந்த ஆட்லர் 1911இலும் யுங் 1913இலும் அவரிடமிருந்து பிரிந்து தனி வழி போனார்கள். பெரிய வழிகள்தான், நான் தேடியது அங்கே இல்லை. ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்ட் 1936இல் மனத்தின் தற்காப்பு முறைகளை வகைப்படுத்தினார். அவசரப் படிப்பாளி அந்தத் தட்டைப் பார்த்ததும் ‘உண்மையை மறுக்கிறாள்’ என்று பெயர் சூட்டிவிடுவார். எனக்கு அது சம்மதமில்லை. காலையில் அந்தச் சோற்றைக் கரைத்துக் குடிப்பவருக்கு, வீட்டுக்காரர் வரவில்லை என்பது தெரியும். 1934இல் மலையேற்ற விபத்தில் மகனை இழந்த உளப்பகுப்பாளர் மெலனி கிளைன், இறந்தவரை உள்ளுக்குள் மீண்டும் கட்டி எழுப்புவதே துக்கம் என்று 1940இல் எழுதினார். இழந்தவரைத் தேடுவது நோயல்ல, பாசத்தின் இயல்பு என்று இன்னொரு உளப்பகுப்பாளர் ஜான் பௌல்பி 1980இல் முடித்த பெருநூலில் காட்டினார். துறைமுக முகப்பில் படகு நுழையும்போதெல்லாம் சின்னம்மாவின் தலை திரும்பும். பௌல்பி பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

ஆனாலும் எங்கள் கரைக்கு மிக நெருங்கி வந்தவர் கொல்கத்தாக்காரர் கிரீந்திரசேகர போஸ். ஃபிராய்டை ஒருநாளும் நேரில் சந்திக்காதவர். ஒடுக்கம் (ஆசையை மனம் அடியில் அமுக்கிவைப்பது) பற்றிய ஆய்வை 1921இல் அவருக்கு அனுப்பி, 1922இல் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தை நிறுவினார். 1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்த நாளுக்குச் சங்கம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை அவர் மேசையில் இடம்பிடித்தது. போஸின் கோட்பாடு எளிது: எந்த ஆசையும் தனியாகப் பிறப்பதில்லை, அதற்கு நேர் எதிரான ஆசையும் கூடவே பிறக்கிறது. ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே அமுங்கிக் கிடக்கும்.

மீன்பிடித் தடைக்கால மதியம் ஒன்றில் இறால் உரித்துக்கொண்டே சின்னம்மா சொன்னார்: “இருக்காரு, இல்ல... ரெண்டுல ஒண்ணு எவனாவது சொல்லிட்டா போதும் கண்ணு. செத்துட்டாருன்னே சொல்லட்டும்னு ஒரு நேரம் தோணுது. அய்யோ, இன்னா நெனச்சிட்டோம்னு உடனே நெஞ்சு அடிச்சுக்குது.” அன்றைக்கும் இரவு தட்டு வைத்தார், சோறு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. போஸ் சொன்ன இரண்டு ஆசைகளையும் அந்தத் தட்டில் நான் பார்த்தேன்.

இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இன்னொரு கதவைத் திறந்தார். கனவு மனத்தின் வலியை உருவங்களாக மாற்றுவது போல, சடங்கும் வழிபாடும் மாற்றுகின்றன என்றார். அதைப் பண்பாட்டின் வேலை என்று பெயரிட்டு, கதிர்காமத்து அடியார்களிடம் நுணுக்கமாகப் படித்தார். ஒப்பாரி அப்படியொரு வேலை. அது மறுக்கப்பட்டபோது சின்னம்மா தனக்கென்று ஒரு சடங்கைத் தானே கட்டிக்கொண்டார்.

இனி, இப்படிப் பிறர் மனத்தை விளக்கும்போது பிடிக்க வேண்டிய அளவுகோல்கள். பிறரைப் பகுப்பவர் முதலில் தன்னைப் பகுப்புக்கு உட்படுத்த வேண்டும், கேட்டதை வெளியே விடக் கூடாது, குறித்த நேரம் தவறக் கூடாது. இவை இந்த மரபு வகுத்த கறாரான விதிகள். எதையும் விளக்கிவிடும் கோட்பாட்டைச் சோதிக்க வழியில்லை என்ற தத்துவவாதி கார்ல் பாப்பரின் கண்டனமும் நியாயமானது. போஸின் எதிர் ஆசைகளை வைத்துக்கொண்டு எவர் மீதும் எதையும் சுமத்தலாம். ஆகவே நான் பிடித்துக்கொள்ளும் அளவு ஒன்றுதான்: விளக்கம் துக்கப்படுபவர் வாயிலிருந்தே வர வேண்டும். சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தொண்டர்கள் உளப்பகுப்பாளர்கள் அல்லர், ஆனாலும் தீர்ப்பு சொல்லாமல் கேட்கும் பயிற்சியில் இந்த மரபின் சாரம் இருக்கிறது. உளப்பகுப்பாளரின் ஐம்பது நிமிட அமர்வும் கட்டணமும் நம் குப்பத்துக்குப் பொருந்தாதவை. இங்கே வாய் திறப்பது கை வேலையில் இருக்கும்போதுதான். தடைக்காலத்தின் 61 நாட்களில், கிழிந்த வலைக்குப் பக்கத்தில் எத்தனையோ பேச்சு அவிழ்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். ஏழாண்டு முடிந்து சின்னம்மாவுக்கும் காகிதம் வந்தது. கைநாட்டு வைத்தார். தாலியைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். இரவுத் தட்டை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.